இன்றைய வானொலி எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பாட்காஸ்ட் பற்றி, அதாவது இணையத்திலிருந்து இறக்கி வேண்டியபோது கேட்கிற ஒலிப்பதிவு பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். ‘நிலையத்தார் வைத்த நேரத்துக்குக் காத்துக்கிடந்த காலம் மலையேறிவிட்டது, வானொலிக்கு இனி அருங்காட்சியகம்தான்’ என்ற வரியில் கண் நின்றுவிட்டது. எழுதியவர் சின்னப் பிள்ளையாக இருக்கும், போகட்டும். அச்சுக்குப் போகுமுன் படித்த தங்களுக்குமா தெரியாது?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் மிச்சம் நின்ற தென்னைகளை எண்ண இரண்டு கை விரல் போதும். கரண்ட் வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. செல்போன் டவர் முதல் நாளே ஊமை. பேரன் எனக்காக ஏற்றிவைத்த பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் பதினான்கும் போனுக்குள் பத்திரமாக இருந்தன. சார்ஜ்தான் இல்லை. இருந்திருந்தாலும், போன மாதம் பேசிவைத்த பேச்சுக்கு நாளைக்கு எந்தச் சாலை திறக்கும் என்று எப்படித் தெரியும்?

பரணிலிருந்து டிரான்சிஸ்டரை இறக்கினேன். பின்மூடி உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிற செட். சுவர்க் கடிகாரத்திலும் டார்ச்சிலும் இருந்த பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிப் போட்டேன். செட்டை வடக்கு தெற்காகத் திருப்பித் திண்ணை ஓரம் வைத்தால் இரைச்சல் அடங்கி 936 அலைவரிசையில் திருச்சி வானொலி கேட்கும். செய்தி நேரத்துக்கு ஏழெட்டு வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆமாம், காத்துக்கிடந்தோம். ஒரே சேதி ஒரே நேரத்தில் எல்லார் காதிலும் விழுந்ததால்தான், முடிந்த கையோடு எந்தப் பக்கம் மரம் வெட்டப் போவது என்று பேசி முடிவெடுக்க முடிந்தது.

எங்கள் அப்பா காலத்தில் ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர். வானொலி சொல்லி வயலுக்கு வந்த நெல். ‘விரும்பியதை மட்டும் கேளுங்கள்’ என்று விட்டிருந்தால் அப்பா நாடகத்தைத் தவிர வேறெதையும் கேட்டிருக்க மாட்டார்.

வியாபார ரேடியோவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு மூச்சுக்கூட இல்லை. புயலுக்கு மறுநாள் முள்ளைத் திருப்பியபோது ஒரு தனியார் பண்பலையில் ‘ஜில்லுன்னு ஒரு காதல் பாட்டு’ என்று குதூகலித்தார்கள். அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சொந்தமாகச் செய்தி சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது, ஆகாசவாணி செய்தியை வரி மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். உரிமம் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவன் வாயைக் கட்டிவிட்டு, பாட்காஸ்டில் யாரும் எதுவும் பேசலாம் என்று வைத்திருக்கிற விநோதத்தைத் தங்கள் கட்டுரையாளர் தொட்டிருக்கலாமே?

அரசு வானொலியும் சுத்தமில்லை. விவசாய நிகழ்ச்சி நேரத்தை மாற்றியது ஏன் என்று ஒரு நிலையத்துக்கு மூன்று கார்டு போட்டேன், பதில் இல்லை. வெளிநாட்டு வானொலியும் கைவிட்டுவிட்டது. 1941 முதல் ஒலித்த பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. புதுப் போன்களிலோ எஃப்எம் வசதியையே எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பேரன் வாங்கித் தந்த ஒயர் இல்லாத காதுமாட்டியில் எஃப்எம் எடுக்காது. அந்த ஒயர்தானே ஏரியல்!

பாட்காஸ்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கல்வெட்டு பற்றி ஒன்று கேட்டேன், அருமை. சிரித்து முடித்து விஷயத்துக்கு வரப் பத்து நிமிடம் ஆயிற்று, அதுவும் சரி.

நான் கேட்பது சின்ன விஷயம். தங்கள் நாளிதழில் ராசிபலனுக்குக் கீழே ‘இன்றைய வானொலி’ என்று நிகழ்ச்சி நேரம் சொல்லும் நான்கு வரி வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டீர்கள். அதைத் திரும்பப் போட வேண்டும். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ராசிபலன் கால் பக்கம் வருகிறது. நேற்று என் ராசிக்கு ‘தொலைவிலிருந்து நல்ல செய்தி வரும்’ என்று போட்டிருந்தீர்கள். எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு என்று போடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பட்டுக்கோட்டை வட்டம்