புதுப் பிரேக் பேடு போட்டதும் வந்த கீச்சு

பள்ளத்தூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்தியாயிற்று என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். போட்டோவில் அவள் முறைக்கிற முறைப்பு அப்படியே உங்கள் அம்மா. இங்கே எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள், அதனால் மேல்மாடிப் புறாக்களுக்குக் கொண்டாட்டம். வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகியதைப் பிரித்து மாற்றினோம். அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே பெரும்பாடு. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்குகிறவர்கள் நல்ல கொத்தனார்களை எல்லாம் இழுத்துக்கொள்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை, வீட்டை இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். முன் சக்கரங்களுக்குப் புதுப் பிரேக் பேடு போட்ட நாளிலிருந்து தாம்பரம் நெரிசலில் லேசாக மிதித்தாலே கீச்சென்கிறது, பட்டறையில் சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க் தட்டு இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டுப் பணத்தை எடுத்து நீட்டாதே. டிஸ்க்கும் காரணமாக இருக்கலாம்தான், ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கும் தைப்பூசத்தில் இதே கூத்து. பழனிக்குக் காவடியோடு நடந்த நம் ஆட்களுக்குப் பின்னால் தண்ணீர், மருந்து, ஜமுக்காளம் எல்லாம் ஏற்றிக்கொண்டு நான் வண்டியில் போனேன். கிளம்புமுன்தான் பேடு மாற்றியிருந்தது. குன்றக்குடி தாண்டியதும் ஆரம்பித்தது. சிங்கம்புணரி வரை நடை வேகத்தில் உருட்டி உருட்டி நிறுத்த வேண்டும், மிதிக்கும்போதெல்லாம் ஒரு கீச்சு. முன்னால் நடந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "முருகனைக் கூப்பிட நாங்க இத்தனை பேர் பத்தாதுன்னு உன் வண்டி வேறயா?" என்றார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். பேச்சும் வேலையுமாக ஒரு பகல் முழுக்கப் போனது.

மிதித்ததும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்துகிற கட்டைதான் பேடு. கீச்சிடும்போது அது டிஸ்க்கைப் பிடித்து நழுவி, பிடித்து நழுவி, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதும் இப்படித்தான். அழுத்தி மிதித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், லேசாக மிதிக்கும்போதுதான் பாடும். பேடு தளர்வில்லாமல், அதே நேரம் இறுகிப் போகாமல் உட்கார்ந்திருந்தால் இந்த அதிர்வுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது.

கழற்றுவதற்கு முன் எப்போது சத்தம் வருகிறது என்று கவனி. காலையில் முதல் சில மிதிகளில் மட்டும் வந்து நின்றுவிட்டால் அது துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி மழை போதும் மேலே மெல்லிசாகத் துரு படிய. நம் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, கல்யாணத்துக்கு வந்து ஷெட்டிலிருந்து எடுக்கிற வண்டி எல்லாம் தெரு முனை வரை இப்படித்தான் கத்தும். அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம். மிதிக்காமலே சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தூசித் தகட்டுக்கும் நடுவில் சரளைக்கல் மாட்டியிருக்கலாம், அல்லது தகடு வளைந்து உரசலாம். கீச்சாக இல்லாமல் இரும்பும் இரும்பும் அரைக்கிற மாதிரி கரகரவென்று கேட்டாலோ, மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஓட்டாதே. அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு.

உன்னுடையது லேசாக மிதிக்கும்போது மட்டும் வருவது. அதனால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைத் தளர்த்திக்கொள், தூக்கிய பின் ஸ்டாண்டு கொடு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதே.

என் வண்டியில் ஷிம்மையே காணோம். பேடின் முதுகில் ஒட்டியிருக்கிற அல்லது தனியாக வருகிற மெல்லிய தகடு அது, பேடுகளை அழுத்துகிற கவ்வியான காலிப்பருக்கு அதிர்வு போகாமல் தடுப்பது. தனியாக வருவதைச் சில பட்டறைப் பையன்கள் அட்டைப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதற்கடுத்தது கிளிப். பேடின் இரண்டு காதும் உட்காருகிற கம்பித் தகடு. பழைய கிளிப்பையே மாட்டியிருந்தார்கள், அதன் அடியில் செம்மண்ணும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. பேடு அதில் சிக்கிக்கொண்டு, மிதியை விட்டாலும் விலகாமல் உரசிக்கொண்டே இருந்தது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டோம். இதற்கு ஆன செலவைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

காலிப்பர் வழுக்கி நகர்கிற பின் (கம்பி) இரண்டையும் உருவிப் பார்க்கச் சொல். விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். பட்டறையில் கழற்றிய பழைய பேடுகளை வாங்கி வைத்திருக்கிறாயா? ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளிப் பேடும் ஏறத்தாழ ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பத் தேய்ந்திருந்தால் அந்தப் பின் இறுகியிருக்கிறது, அல்லது பேடைத் தள்ளுகிற பிஸ்டன் சரியாகப் பின்வாங்கவில்லை. இன்னொன்று, சில பேடுகளில் தேய்மானத்தை எச்சரிக்க ஒரு குட்டித் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பேடு தேய்ந்த பிறகு அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்த வேண்டும். பேடை இடம் மாற்றிப் போட்டாலோ, தகடு வளைந்திருந்தாலோ முதல் நாளே தொட்டுவிடும்.

கிரீஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக்குக்கென்றே சூடு தாங்குகிற சிலிக்கான் கிரீஸ் விற்கிறது. பேடின் முதுகில், காதுகளில், காலிப்பர் பின்னில் மெல்லிசாகத் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி வழியும், பின்னை மூடியிருக்கிற ரப்பர் உறையையும் ஊத வைத்துவிடும். டிஸ்க்கைத் தொடுகிற முகத்தில் எதுவும் படக்கூடாது. டீக்கடையில் ஒருவர், "ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, சத்தம் போயிடும்" என்று எனக்கு யோசனை சொன்னார். சத்தம் போய்விடும், பிரேக்கும் போய்விடும். பேடு முகத்தில் எண்ணெய் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை, புதுசுதான் போட வேண்டும்.

இனி டிஸ்க். குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியர் அளவுகோலை வைத்து உன் கண் முன்னால் அளக்கச் சொல். அதற்குக் கீழே போயிருந்தாலோ, வெடிப்போ ஆழமான கோடுகளோ இருந்தாலோ மறுபேச்சில்லாமல் மாற்று. கனம் நன்றாக இருந்து, முகம் மட்டும் கண்ணாடியாக மினுங்கினால் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். பழைய டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்து அதில் புதுப் பேடின் முனை இடித்தாலும் சத்தம் வரும். பேடின் முனையைக் கொஞ்சம் சரிவாக அரத்தால் ராவிவிடலாம்.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தாமல் பெடலைப் பலமுறை மிதி. பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதலில் பெடல் தரைவரை போகும். அது கெட்டியான பிறகுதான் கியர் போட வேண்டும். பிரேக் ஆயில் மட்டத்தையும் பார்த்துக்கொள்.

அப்புறம் புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும், பெரும்பாலான பட்டறைகள் இதைச் சொல்வதே இல்லை. நான் விடியற்காலையில் திருப்பத்தூர் ரோட்டுக்குப் போனேன். பிள்ளையார்பட்டி விலக்கு தாண்டிச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, முழுக்க நிறுத்தாமல், ஒரே சீராக அழுத்திக் குறைக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு, எட்டுப் பத்துத் தடவை இப்படி. கடைசியில் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மிதித்தபடியே நின்றால் பேடின் தடம் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். போகும்போது கொஞ்சம் முனகியது, வயிரவன்பட்டியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சத்தமே இல்லை. எல்லாப் புகழும் வயிரவருக்கே என்கிறாள் உன் தங்கச்சி. கிளிப்புக்கும் ஷிம்முக்கும் கொஞ்சம் பங்கு கொடு என்றேன், கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் கத்தினால் பேடின் சரக்கு காரணமாக இருக்கலாம். உலோகத் தூள் அதிகம் சேர்ந்த பேடு நன்றாகப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் சத்தம் போடும். செராமிக் பேடு அமைதி, விலை கூட.

டிஸ்க்கில் என்ன எண் பொறித்திருக்கிறது, அளந்தது எவ்வளவு என்று எழுது. ஆவணியில் தம்பி மகன் கல்யாணம், இங்கே வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அதற்குள் பிரேக் சரியானால் வண்டியில் வா. இல்லாவிட்டால் பல்லவனில் டிக்கெட் போட்டுவிடு, காரைக்குடி ஸ்டேஷனுக்கு நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். என் தங்கச்சியையும் கூட்டி வா, தனியாக வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள் இவள்.

அன்புடன்,
உன் மச்சான்