நோயாளியின் தலைமாட்டில் நின்று ஆண்டவருக்கு உத்தரவு போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. பேப்பர் போடும் பையன் சொருகுவது அது, உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். பக்கத்து மைதானத்தில் ஜெபக் கூட்டமாம். வேலை, விசா, குழந்தைப் பாக்கியம், கடன் விடுதலை, கிட்னி என்று கொட்டை எழுத்தில் வரிசை. அதற்குக் கீழே, "கட்டளையிடுங்கள், பெற்றுக்கொள்ளுங்கள்!" நானும் கிறிஸ்தவள்தான். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் பிறந்து, நர்ஸ் வேலைக்கு பெங்களூரு வந்து, லிங்கராஜபுரத்திலேயே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் சபையின் ஆஸ்பத்திரி ஜெபக் குழுவோடு போய்வருகிறேன். அந்த வரியைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பிசாசுக்கும் வியாதிக்கும்தான் கட்டளையிடுகிறோம் என்பார்கள். சரி. ஆனால் கொஞ்ச நேரம் நின்று கேட்டுப் பாருங்கள், கட்டளை மேலே திரும்பிவிடும். "ஆண்டவரே, இன்றைக்கே செய்யும், இந்த நிமிஷமே செய்யும், செய்தே ஆகவேண்டும்!" ஐ.சி.யு. வாசலிலும் இப்படிக் கத்துகிறார்கள். உள்ளே இருக்கிறவருக்கு பி.பி. ஏறுவதுதான் மிச்சம்.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருந்த இடம். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, டயாலிசிஸுக்குத் தவிர ஊசி போடக் கூடாது, இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. வெளியிலிருந்து ஜெபிக்க வந்த ஒருவர் அதே கையைப் பிடித்து உலுக்கி, "சுகமாகிவிட்டாய், வாயைத் திறந்து அறிக்கையிடு" என்றார். "அண்ணே, அந்தக் கையை விடுங்க" என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவளும் "ஆமென்" என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவம்? மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றாள். "அக்கா, இன்னிக்கு டயாலிசிஸுக்குப் போனா அவிசுவாசம் ஆயிடுமா?" பையை எடு, ஆட்டோ பிடி என்று சொல்லி நானே கூடப் போனேன்.

சில மாதம் கழித்து அவள் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்த அதே மனிதர் அவள் வீட்டுக்காரரிடம், "வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "யாரோ" யாரென்று அவள் புருஷன் இன்னும் தேடுகிறார். பள்ளிக்கூடம் போகிற மகளைக் கூப்பிட்டு, "அம்மாவுக்காக நீ சந்தேகப்படாமத்தான் ஜெபிச்சியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து அழுதது. மருந்து தவறாகக் கொடுத்தால் எங்கள் தொழிலில் விசாரணை உண்டு. இதற்கு யார் விசாரணை வைப்பது?

இப்படி ஜெபிக்கிறவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது மாற்கு சுவிசேஷம் 11-ஆம் அதிகாரம். எவைகளைக் கேட்டாலும் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள் என்று இயேசுவே சொன்னது. மறுப்பில்லை. ஆனால் அதே மாற்குவில் மூன்று அதிகாரம் தள்ளி 14-ஐயும் படிக்க வேண்டாமா? அந்த வார்த்தையைச் சொன்ன அதே வாரத்தில், கெத்செமனே தோட்டத்தில் தரையிலே விழுந்து அவர் ஜெபிக்கிறார்: "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்." இதில் விசுவாசத்துக்கு என்ன குறை? அடுத்து, "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்." மனதில் இருந்ததை மறைக்காமல் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான், "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கவில்லை. மறுநாள் சிலுவை. இயேசுவுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எந்த மேடைப் பிரசங்கியாருக்காவது துணிவு உண்டா?

அப்போஸ்தலர் பவுலும் தம் சரீரத்தில் முள்போல் இருந்த உபாதை நீங்கும்படி மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. தாவீது ராஜா சாகக் கிடந்த குழந்தைக்காக உபவாசித்துத் தரையிலே கிடந்தார். ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. அவர் எழுந்து குளித்து, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். வேலைக்காரர்களுக்கே அது புரியவில்லை. சாவு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அவரிடம் போய் யாரும் காரணம் சொல்லவில்லை, சோறுதான் வைத்தார்கள்.

எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு தோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேலைத் தெரியாமல் இருக்காது. தோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி, அயர்லாந்துக்காரர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் ஊழியத்துக்கு வந்தது இந்த பெங்களூருக்குத்தான். சின்ன வயதில் தன் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்கள். பின்னாளில் சேலை கட்டி நம் ஜனங்களோடு கலந்து நடக்க அந்தக் கண்கள்தான் உதவின என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அவர் வாழ்க்கையில் எல்லாம் இப்படி அழகாக முடியவில்லை. 1931-இல் கீழே விழுந்து கால் முறிந்தது. 1951-இல் இறக்கும்வரை, இருபது வருஷம் போல, பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அவருக்காக ஜெபித்தவர்களுக்கா குறைச்சல்? ஒரு தோனாவூரே ஜெபித்தது.

இதைப் படித்து எங்கள் சபைப் பெரியவர்கள் தலையாட்ட வேண்டாம், அவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று ஒரு வரியோடு நோயாளியின் அறையிலிருந்து நழுவிவிடுகிறவர்கள் நம்மிடம் நிறைய. ரத்தம் தேவைப்படுகிற வீட்டில் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்புவது தாழ்மை அல்ல, சோம்பல். புருஷனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம், "பொறுத்துக்கோம்மா, ஆண்டவர் சித்தம்" என்று சொல்வது அதைவிட மோசம். கெத்செமனேயில் இயேசு ஒப்புக்கொடுத்தது தன்னைத்தான்; அடுத்தவர் முதுகை அல்ல.

பெரிய கூட்டங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கும், செப்டம்பர் 8 திருவிழாவுக்கு சிவாஜி நகர் மாதா கோயிலுக்கும் எல்லா மதத்துக்காரர்களும் கேட்கத்தான் வருகிறார்கள். கேட்கட்டும். "கேளுங்கள்" என்று சொன்னதும் இயேசுதானே. குஷ்டரோகி வந்து, "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்று கேட்டபோது, உன் விசுவாசம் போதாது என்று அவர் விரட்டவில்லை, தொட்டார்.

எங்கள் குழுவில் முதலில் நோயாளியிடம், "என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்போம். சுகம் வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, அதைக் கண்ணீரோடு கேட்போம். ஆனால் பல பேர் சொல்வது வேறு. ராத்திரி தூக்கம் வரணும். பேசாமல் போன மகன் ஒரு போன் பண்ணணும். கக்கூஸுக்கு ஆள் துணையில்லாமல் போகணும். கட்டளையிடுகிற அவசரத்தில் இதெல்லாம் யார் காதில் விழும்?

கூட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த முறை துண்டுப் பிரசுரம் அச்சடிக்கும்போது, "மாத்திரையையும் டயாலிசிஸையும் யாரும் நிறுத்த வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள், அதுவும் கொட்டை எழுத்தில். அப்புறம், உங்கள் ஜெபம் கேட்கப்படாமல் போன வீடுகளுக்கும் அடக்கத்துக்குப் பிறகு ஒரு முறை போய்வாருங்கள். பேச வேண்டாம், உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.

(அந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)