கருவாட்டுக்கு ஒரு மூலை

ஜார்ஜ்டவுன், பினாங்கு
செப்டம்பர்

அன்புள்ள ராஜி,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை வழக்கம்போல் மேசை இழுப்பறையில் சேர்த்து வைக்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மறுபடியும் தே தாரே பால் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒட்டடைக்குச்சி சாரின் மகள் ஜூருவில் வீடு வாங்கியிருக்கிறாள். பால் காய்ச்சப் போயிருந்தேன், நம் செட்டில் பாதிப் பேர் அங்கேதான். குண்டு பானு உன்னைக் கேட்டாள். அந்தப் பாட்டை இன்னும் பாடுகிறாள், அதே சுருதியில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்னிடமிருந்து, இல்லை, உன் அம்மாவிடமிருந்து ஒரு காரியம் ஆக வேண்டும். முதலில் கதையைக் கேள்.

மெர்டேக்கா சுதந்திர நாளில் ஆரம்பித்து மலேசிய தினம் வரைக்கும் இங்கே கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் மலேசியச் சாப்பாட்டு விழா வைத்திருந்தார்கள். மாநிலத்துக்கு ஒரு மேசை. தலைக்கு 128 வெள்ளி. அந்தக் காசுக்கு நான் ஒரு வாரம் மார்க்கெட் போய் வந்துவிடுவேன். மகனுக்குக் கம்பெனியில் கூப்பன் கொடுத்தார்களாம், அதனால் வாயை மூடிக்கொண்டு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வேலையாக உன் புகுந்த ஊரைத் தேடினேன். இருந்ததடி, லக்சா ஜொகூர், மீன் குழம்பு ஸ்பெகெட்டியோடு! சுல்தான் ஐரோப்பா போய் வந்து அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்லும் கதையைப் பலகையில் எழுதி, கையால்தான் சாப்பிட வேண்டும் என்றும் போட்டு, பக்கத்திலேயே முள்கரண்டியை அடுக்கி வைத்திருந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. இதை மட்டும் உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே. இத்தனை வருஷம் அவரோடு சண்டை போட்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஏமாற்றம் நம் ஊர் மேசையில்தான். 2011 இல் சிஎன்என் போட்ட உலகத்தின் சிறந்த 50 சாப்பாட்டுப் பட்டியலில் நம் புளிப்பு மீன் நூடுல்ஸ் அசாம் லக்சாவுக்கு 7 ஆவது இடம் கிடைத்தது என்று பெரிய எழுத்தில் பெருமை வேறு. பானையைத் திறந்தால் கெம்போங் மீனை மிக்சியில் அடித்துக் கூழாக்கியிருக்கிறார்கள். கையால் உதிர்த்த மீன் நாக்கில் தட்டுப்பட வேண்டாமா? மேலே தூவப் புங்கா கந்தான் பூவைக் காணோம். ஹே கோ இறால் விழுது கேட்டால்தான் வந்தது, அதுவும் சொட்டு. ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கடைக்காரர் பார்த்தால் அகப்பையாலேயே அடிப்பார்.

ஆனால் கிளந்தான் மேசை! நாசி கெராபு சாப்பிட்டிருப்பாய், ஆனால் இந்தக் கையால் சாப்பிட்டிருக்க மாட்டாய். சங்குப்பூ நீரில் வெந்த நீலச் சோறு, ஒன்றோடொன்று ஒட்டாமல். பச்சைப் பயற்றங்காயைக் கடுகளவுக்கு அரிந்திருந்தார்கள். வறுத்த தேங்காய்ப்பூ, பாதி உப்பு முட்டை, ஒரு துண்டு வறுத்த மீன், கெரோப்போக் அப்பளம். எல்லாவற்றின் மேலும் ஒரு கரண்டி புடுவை விட்டு, அந்தச் சமையல்காரப் பையன் தன் கையாலேயே பிசைந்து காட்டினான். நெத்திலியை உப்புப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்த அந்த நாற்றம் இருக்கிறதே, பக்கத்து மேசை வெள்ளைக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். பேராக் மேசையில் ரெண்டாங் தோக் இறைச்சிப் பிரட்டல், அதற்குப் பக்கத்தில் தெம்போயாக் போட்ட பாத்தின் மீன். டுரியானைப் புளிக்கவைத்துக் குழம்பில் போட்டவன் கையைக் கும்பிட வேண்டும்.

அப்போதுதான் பேரன் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "பாட்டி, இங்க வாங்க! நம்ம சாப்பாடு இங்க இருக்கு!"

போய்ப் பார்த்தால் 'இந்திய மூலை' என்று பலகை. கீழே நாண் ரொட்டி, பட்டர் சிக்கன், பன்னீர். ஒரு குலோப் ஜாமூன். அவ்வளவுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை, ராஜி. குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டில் மருமகள் போனில் தட்டி வரவழைப்பது அதைத்தான். ஆனால் யோசித்துப் பார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்த நம் ஆட்கள் மடியில் பட்டர் சிக்கனையா கட்டிக்கொண்டு வந்தார்கள்? டில்லியில் பிறந்த பண்டத்துக்கும் நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துக்கும் என்ன உறவு? நாசி கண்டார் பினாங்கு மேசையில் இருந்தது. காத்தண்டில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள்தானே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ரொட்டி சானாய் 'மலேசியக் காலை உணவு' மேசையில். 2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரே மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள் இல்லையா, அந்தச் சான்றிதழின் படம்கூட மாட்டியிருந்தார்கள். நல்லது, எல்லோருக்கும் பொதுவாகட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் நம் பெயர் போட்ட ஒரே மூலையில் நம்முடையது ஒன்றுகூட இல்லை.

தோட்டத்து லயத்தில் என்ன சாப்பிட்டோம்? மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பாலும். டின் சார்டினை வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டியது. சம்பளத்துக்கு முந்தின வாரம் கருவாடும் கத்திரிக்காயும். என் அம்மா கருவாட்டுக் குழம்பு தாளிக்கும்போது கறிவேப்பிலையோடு கிள்ளுப் பெலாச்சான் இறால் பசையும் போடுவார். அந்தக் குழம்பு தஞ்சாவூரிலும் கிடையாது, எந்த மலாய்க் கிராமத்திலும் கிடையாது. விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வந்து பால் வெட்டி முடித்த பெண்கள் இந்த மண்ணில் கிடைத்ததை வைத்துக் கண்டுபிடித்தது. அதற்கு ஒரு தட்டு வேண்டாமா?

வீட்டுக்கு வரும் வழியில் காரில் இதைச் சொன்னால் இவர் சிரிக்கிறார். "128 வெள்ளி கொடுத்துக் கருவாடு தின்ன எவன் வருவான்?" நான் விடவில்லை. புடுவுக்கு என்ன வாசனை, ரோஜாப்பூவா? தெம்போயாக் மணக்கிறதா? அதெல்லாம் பித்தளைப் பாத்திரத்தில் மூடி போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் தங்கள் சாப்பாட்டுக்கு வெட்கப்படவில்லை. நாம்தான் விருந்தாளி வந்தால் கருவாட்டுச் சட்டியைப் பின்கட்டில் ஒளித்து வைத்தோம். இவர் அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். (ஜெயித்தேன் என்று நினைக்காதே, தூங்கிவிட்டார்.)

இதை அந்தக் கிளந்தான் பையனிடமும் கிளம்புவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். அங்கே இரண்டாவது செஃப் அவன்தானாம். மகன் தலையில் கை வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டான். பையன் கோபப்படவில்லை. "மக்சிக் (அத்தை), எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எழுதிக் கொடுங்கள், அடுத்த வருஷம் கேட்டுப் பார்க்கிறேன்" என்று போன் நம்பரும் கொடுத்தான். மரியாதைக்குச் சொன்னானோ, நிஜமாகவே சொன்னானோ. நான் நிஜம் என்றே வைத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. கருவாட்டை எவ்வளவு நேரம் சுடுதண்ணீரில் போடுவார் அம்மா? பெலாச்சானைச் சுட்டுப் போட்டாரா, பச்சையாகவா? புளியா, மாங்காயா? பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான், ஆனால் கேட்டு வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு சின்னக்காவிடம் கேட்கலாம் என்றிருந்தேன், அவளும் போய்விட்டாள். அந்த லயத்தில் சமைத்தவர்களில் இன்று இருப்பது உன் அம்மா ஒருவர்தான். போன தடவை போனில் என் குரலைக் கேட்டு "யாரு, தபால்கார வீட்டுப் பொண்ணா?" என்று சரியாகச் சொன்னார். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்பு. கருவாட்டுக் குழம்பு, சார்டின் பிரட்டல், கிழங்குக்கு அந்தச் சம்பால், இந்த மூன்றும் முதலில். "கொஞ்சம்", "ஒரு கை" என்றெல்லாம் அவர் சொன்னால் அப்படியே எழுதாதே. அந்தக் கையளவை ஒரு கிண்ணத்தில் கொட்டச் சொல்லி, கரண்டியால் அளந்து எழுது. முடிந்தால் அவரை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீ சமைக்கும்போது போனில் படம் பிடி. நீ தப்பாகச் செய்தால் திட்டுவார், அந்தத் திட்டும் பதிவாகட்டும், வேலைக்கு ஆகும்.

நெத்திலி இங்கேயே நல்லதாகக் கிடைக்கிறது, பாங்கோர் சரக்கு. அம்மாவுக்கு ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளி லீவுக்கு மகன் ஜொகூர் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். போகும்போது அவன் கையில் அந்த நோட்டைக் கொடுத்துவிடு. தபாலை நம்பாதே.

உன்,
பக்கத்து பெஞ்சு