பக்கத்தில் ஆடு மேய்கிறது, நூல் மட்டும் லூதியானாவிலிருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தால் போதும், ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும் படம் உங்கள் பத்திரிகையில் வந்துவிடும். அந்தக் குளிரில் இங்கே இருக்கிறவர்கள் காலிலும் தலையிலும் என்ன போட்டுக்கொள்கிறார்கள் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் நானே எழுதுகிறேன். நான் குன்னூர்க்காரி, வீட்டில் எல்லோருக்கும் சாக்ஸும் குல்லாவும் கையால் பின்னிக் கொடுக்கிறவள்.

குல்லா பின்னுவது சுகமான வேலை. எட்டாம் நம்பர் ஊசி, நடுத்தர உல்லன் நூல், 104 கண்ணி (ஊசியில் ஏற்றுகிற நூல் வளையத்தைத்தான் கண்ணி என்போம்), ஓரத்துக்கு இரண்டு நிட் இரண்டு பர்ல், அதாவது நேர்ப் பின்னல் இரண்டு, எதிர்ப் பின்னல் இரண்டு, அப்புறம் உச்சி வரும்வரை நேராகச் சுற்றிக்கொண்டே போகலாம், டிவி பார்த்துக்கொண்டே கூடப் போகலாம். ஆனால் ஆரம்பிக்கும் முன்னால் சின்னச் சதுரம் ஒன்று பின்னி அளந்து பார்க்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் கை கொஞ்சம் தளர்ந்து 20 வந்தால், 47 செ.மீ. சுற்றளவு வர வேண்டிய குல்லா 52 ஆகிவிடும், தலையில் வைத்தால் கண்ணை மறைக்கும். இரண்டே இரண்டு கண்ணிதானே என்று புதிதாகப் பழகுகிற பெண்கள் நினைக்கிறார்கள், நான் விடுவதில்லை, அளந்து காட்டச் சொல்வேன்.

சாக்ஸ் வேறு விஷயம். பதின்மூன்றாம் நம்பர் ஊசி, அதாவது இரண்டே கால் மில்லிமீட்டர்தான் தடிமன், அதுவும் இரண்டு முனையும் கூராக இருக்க வேண்டும், ஒரு செட்டுக்கு நாலோ ஐந்தோ வேண்டும். இந்த ஊசியை எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததே இல்லை, ஆன்லைனில்தான் வரவழைக்கிறேன். 64 கண்ணி போட்டுக் கணுக்கால் வரை இறங்கினால் குதிகால் வரும். அங்கேதான் இந்த வேலையின் மொத்தச் சந்தோஷமும் இருக்கிறது. பாதிக் கண்ணிகளை, அதாவது 32-ஐ, மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்ன வேண்டும், ஒன்று விட்டு ஒன்றைப் பின்னாமல் ஊசி மாற்றினால் துணி இரட்டை மொத்தமாக வரும், சீக்கிரம் தேயாது. பிறகு நடுவைத் தாண்டிக் கொஞ்சம் பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, திருப்பி, மறுபடி நடுவைத் தாண்டி, மறுபடி திருப்பி என்று போகப்போக 32 கண்ணி 18 ஆகும். அதுவரை தட்டையாகக் கிடந்த துணி குழிந்து அப்படியே ஒரு குதிகாலை ஏந்துகிற வடிவத்துக்கு வந்து நிற்கும். வெட்டவில்லை, தைக்கவில்லை, ஒரே இழை. எத்தனையோ ஜோடி பின்னியாகிவிட்டது, அந்த இடம் வரும்போது இன்றைக்கும் எனக்கு மனசு பொங்கும். இரண்டு ஓரத்திலும் பதினாறு பதினாறு கண்ணி எடுத்து, பின்னாமல் நிறுத்தி வைத்த மீதி 32-ஐயும் சேர்த்து 82 ஆக்கி, படிப்படியாகக் குறைத்துப் பழைய 64-க்கே கொண்டுவந்துவிட்டால் பாதம் வரை கவலையில்லை.

சரி, ஒன்று முடிந்தது. இன்னொரு காலுக்கு முதலிலிருந்து அதே மாதிரி, அதே இறுக்கத்தில் பின்ன வேண்டும். ஒரு சாக்ஸுக்கே 10,000 கண்ணிக்கு மேல் ஆகிறது. இரண்டாவதைத் தொடங்க மனம் வராமல் ஒற்றைச் சாக்ஸோடு விட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவில் நூல் தீர்ந்து இன்னொரு உருண்டை வாங்கப் போனால் அதே கலர் நம்பர் இருக்கும், லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் நம்பர், வேறாக இருக்கும், வெயிலில் பார்த்தால் சாயம் பளிச்சென்று வித்தியாசம் காட்டும். இத்தனையும் தாண்டி முடித்துக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர்கள் அதை வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். சுத்தமான கம்பளி என்றால் அது சுருங்கி இறுகிக் குழந்தை சாக்ஸாக வெளியே வரும். தயவுசெய்து பச்சைத் தண்ணீரில் கையால் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் விரித்துப் போடுங்கள்.

விற்பதற்குப் பின்னுகிறவர்கள் பாடு இதைவிட மோசம். மெஷின் சாக்ஸ் மூன்று ஜோடி நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். நல்ல நூலின் விலையே அதற்கு மேல் போகிறது, கைக்கூலியை எங்கே போய்ச் சேர்ப்பது?

நல்ல நூல் என்றேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். எங்கள் பக்கம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். குல்லாவுக்கு அது பரவாயில்லை, சாக்ஸுக்கு ஆகாது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக் அப்படி வாங்காது, வியர்வை காலிலேயே நின்று விடியற்காலையில் சில்லிடும். தோட்டத்துக்கு இருட்டோடு கிளம்பிப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி இனச் செம்மறியை அங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நம் ஊர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான ஆடு அது, மெல்லிய கம்பளி தருவது. சாண்டினோ என்ற இனத்தையும் அங்கேதான் உருவாக்கினார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் நிலையம் ஒன்றும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்த மலையில் விளைந்த கம்பளியில் திரித்த நூல் ஓர் உருண்டைகூட என் கைக்கு விலைக்குக் கிடைத்ததில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. கத்தரித்த கம்பளியில் ஒரு பகுதியை 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் என்று கலந்து, மூன்றோ நாலோ இழையாக நன்றாக முறுக்கித் திரித்து, 100 கிராம் உருண்டையாக விற்கட்டும். 400 மீட்டர் நீளம் வந்தால் பெரியவர்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் ஆகிவிடும். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் திரிக்கும் வேலையைக் கொடுத்தால் அவர்களுக்கும் வருமானம். சாயம்கூட வேண்டாம், ஆட்டின் வெள்ளையே போதும். அக்ரிலிக்கைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும், தெரிந்தேதான் கேட்கிறோம். ஊட்டியில் ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்தால் போதும், பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்