பூனைச்சாமிக்குப் பொட்டல் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கு,

கோயில் பொட்டலில் நாங்கள் போட்ட பூனைச்சாமி கூத்து மழைத்தூறலோடு நல்லபடியாக முடிந்தது. வராதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற கணினி விளையாட்டில் கஜீத் என்றொரு பூனைச் சனம் உண்டு. எல்ஸ்வேர் அவர்கள் நாடு. அவர்களுடைய கள்ளச்சாமி பான் தார். மற்ற நாட்டார் கணக்கில் அவன் திருடருக்கும் பிச்சைக்காரருக்கும் உள்ள ஒரு சில்லறைத் தெய்வம். சொந்தச் சனத்துக்கோ அவன்தான் ஒதுக்கப்பட்டவர்களின் சாமி. எதிரி எல்லா வலையையும் விரித்து முடித்த பிறகு, கடைசி நிமிடத்தில் ஒரு யோசனை வருமே, அதைத்தான் பான் தார் என்கிறார்கள். அவன் பேரைச் சொல்லி ஊர் ஊராகச் சாமான் விற்கும் பான்தாரி வியாபாரிகளும் உண்டு.

முதல் நன்றி கூத்து வாத்தியாருக்கு. மாசியில் காமன் கூத்து ஆடும் பொட்டலில் கம்ப்யூட்டர் சாமியா என்று பெரியவர்கள் முறைத்தபோது, "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு எந்தச் சாமிய வேணும்னாலும் கூப்பிடலாம்" என்று அவர்தான் வாயை அடைத்தார். அதோடு விடவில்லை. நான் எழுதிய வசனத்தில் பாதியை வெட்டிவிட்டுத் தப்பு மேளத்துக்கு இடம் கொடுத்தார். அந்த நேரம் கோபம் வந்தது உண்மை. ஆனால் பான் தார் பேசாமல் தப்படிக்கு மட்டும் சுவரேறிக் குதித்த இடத்தில்தான் பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அக்கா பழைய படங்குச் சாக்குத் துணிகளை வெட்டி வாலும் காதும் தைத்துக் கொடுத்தார். கஜீத் பிள்ளை பிறக்கும்போது வானத்து இரண்டு நிலவுகளும் எந்தப் பிறையில் நிற்கின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் அது வீட்டுப் பூனை மாதிரி வளருமா, ஆள் ஏறிப் போகிற பெரும்புலி மாதிரி வளருமா என்பது தீரும். அந்த இரண்டு நிலவையும் செய்ய மேல்வரிசை லய வீட்டு அம்மாக்கள் சுளகு தந்தார்கள். கறுப்புத் துணியை மெல்ல இழுத்துப் பிறையாக்கிக் காட்டிய தம்பிக்குத் தனியாக ஒரு சபாஷ்.

கிளார்க்கய்யாவை என்ன சொல்வது! 2011இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில் கஜீத் வியாபாரிகளைப் பட்டணத்துக்குள் விடமாட்டார்கள். மதிலுக்கு வெளியேதான் கூடாரம் போடுவார்கள். அந்த வாசல் காவலனாக அவர் நின்றார். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பிந்தியவர்களை அதட்டிப் பழகிய குரலுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. "கடதாசி எங்கே?" என்று அவர் கேட்டதும், கூட்டத்திலிருந்து ஒரு தாத்தா எழுந்து, "நாப்பத்தெட்டுலயும் இதத்தான்யா கேட்டீங்க!" என்றார். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டினார்கள். தாத்தா, அந்த வசனம் இனி எங்கள் பிரதியில் இருக்கும்.

கம்பிச் சுருக்குக் காட்சி விளையாட்டில் கிடையாது, நாங்களே கட்டியது. பன்றிக்கு வைக்கிற சுருக்கில் சிறுத்தை மாட்டுவது நமக்குத் தெரியாத சங்கதியா? 2020இல் நல்லதண்ணிப் பக்கம் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை. எங்கள் பூனைச்சாமி மட்டும் சுருக்கு வைத்தவனிடமே கத்தியை இரவல் வாங்கித் தப்பித்துப் போகிறான். இந்தக் குறும்பு யோசனை கொழுந்து மலையில் வேலை செய்யும் அக்காமார் சொன்னது. அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருந்தால் நாங்களும் கள்ளர்தான்.

பிளேன்டீயும் ரொட்டியும் கொடுத்த கோயில் கமிட்டிக்கும், மின்சாரம் போனபோது வெளிச்சம் போட்ட ஆட்டோ அண்ணன்மாருக்கும், விளையாட்டை முதலில் காட்டித் தந்த கொழும்புக்கடை வேலைத் தம்பிக்கும் நன்றி.

சுளகுகளில் மாவு ஒட்டியிருக்கிறது, கழுவித்தான் தருவோம். ஒரு ஜோடி சலங்கையும் பச்சைக் குடை ஒன்றும் மிச்சம் கிடக்கின்றன. உரியவர்கள் பிள்ளைக்காம்பராவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். குடையைப் பான் தார் எடுத்துப் போய்விட்டான் என்று பிறகு எங்களைக் கேட்கக்கூடாது.

இப்படிக்கு,
கூத்து எழுதியவனும் ஆடிய பிள்ளைகளும்
தலவாக்கலை