அக்கா, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன்

அன்புள்ள அக்கா,

இன்று யூலை 28. தொலைபேசியில் சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறேன். ரொறன்ரோத் தீவில் வீடு வாங்குவதற்கான காத்திருப்போர் பட்டியலில், நீங்கள் வற்புறுத்தியதால் சேர்ந்திருந்த என் பெயரைப் போன மாதம் நானே எழுதிக்கொடுத்து நீக்கிவிட்டேன். 500 பேருக்கு மட்டுமே இடமுள்ள, குலுக்கலில் வென்றால்தான் நுழைய முடிகிற பட்டியல் அது என்பதும், அதை விட்டவன் மீண்டும் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்தே செய்தேன்.

இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அந்தத் தீவைப் பற்றி நீங்கள் சொன்ன கதையை நம் ஊரவர் பலர் இன்றும் சொல்கிறார்கள். அது என் வாய்வழியாக உங்களிடம் வந்த கதை. அதில் பாதியை நான் மறைத்தேன். எனவே திருத்தமும் அவர்களுக்குக் கேட்க வேண்டும். அண்ணர் விடயத்தையும் காணி விடயத்தையும் இங்கே தொடமாட்டேன். எனக்காக நீங்கள் எதை அடகு வைத்தீர்கள் என்பதையும் எழுதமாட்டேன்.

ரொறன்ரோத் தீவுகளில் ஒன்றான அல்கொங்குயின் தீவின் மரப்பாலத்தில் அங்கே குடியிருந்த ஒரு மூதாட்டி நம்மை நிறுத்திப் பேசிய பிற்பகலைத்தான் எழுத வேண்டும். உங்களுக்கு அப்போது ஆங்கிலம் வராது, நான் மொழிபெயர்த்தேன். 1980-ஆம் ஆண்டு இதே நாளில், வெளியேற்ற ஆணையோடு வந்த ஷெரிஃபை அந்தப் பாலத்தில் தீவு மக்கள் வழிமறித்து நின்றதையும், அவர் உள்ளே போகாமலே திரும்பியதையும், பின்னர் 1993-இல் மாகாண அரசு சட்டம் இயற்றி 262 வீடுகளையும் காப்பாற்றியதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். நீங்கள் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "எங்களுக்கும் ஒரு பாலம் இருந்திருந்தால்" என்றீர்கள். 1990-இல் யாழ்ப்பாணத்து அனலைதீவிலிருந்து படகேறிய நாளுக்குப் பிறகு நீங்கள் ஊரைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

அதற்குப் பிறகு அந்த மூதாட்டி நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அது முதலில் அங்கே கட்டப்பட்ட வீடல்ல. 1937-இல் விமான நிலையத்துக்காக அதே தீவுத்தொகுதியின் ஹான்லன் முனையில் இருந்த வீடுகளைப் பெயர்த்தெடுத்துத் தெப்பங்களில் ஏற்றிக் கொண்டுவந்தபோது வந்தவற்றுள் ஒன்று. வீடு தண்ணீரில் மிதந்து வந்தது என்று நான் சொன்னதும் நீங்கள் சிறுபிள்ளைபோல் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை என் நியாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பை அதன் பிறகு கேட்கிறேன்.

ஏனெனில், அடுத்து அவர் சொன்னவற்றை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை. 1950-களின் தொடக்கத்தில் அந்தத் தீவுத்தொகுதியில் 600-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. கடைகளும் விடுதிகளும் திரையரங்கும் இருந்தன. 1956-இல் பெருநகர நிர்வாகம் தீவைப் பூங்காவாக்க எடுத்துக்கொண்டதும், குத்தகை முடிய முடிய வீடுகள் இடிக்கப்பட்டன. நடுத்தீவும் ஹான்லன் முனையும் ஏறக்குறைய வெறுமையாயின; கிழக்கே வாட்ஸ் தீவும் அல்கொங்குயின் தீவும் மிஞ்சின. அப்போது எந்தப் பாலத்திலும் யாரும் நிற்கவில்லை என்றார் அவர். தங்கள் முறை வராது என்று நம்பி, அயலவர் சாமான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நீங்கள் விரலால் தடவிப் பார்த்துப் பாராட்டிய அந்த நீலச் சட்டமிட்ட சன்னல், இடிக்கப்பட்ட ஓர் அயலவர் வீட்டிலிருந்து அவரும் கணவரும் கழற்றி எடுத்தது.

இதை உங்களிடம் எப்படிச் சொல்வேன், அக்கா? நம் வீட்டின் கதவு, சன்னல், ஓடு எல்லாம் போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது என்ற கடிதம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எடுத்தவர் யார் என்று நீங்கள் இரவிரவாகப் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். அவர்களில் சிலரும் இதைப் படிப்பார்கள்.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீவில் வாழ விரும்புகிறாயா என்று நீங்கள் ஒருமுறையாவது என்னைக் கேட்டீர்களா? நான் ஊரை விட்டபோது எனக்கு 14 வயது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு படிப்பும் பேருந்துத் தரிப்புக்கு அருகே ஓர் அறையும் மட்டுமே. நீங்கள் இழந்த தீவை என்னைக்கொண்டு திரும்ப வாங்கப் பார்த்தீர்கள். ஆண்டுதோறும் பட்டியலுக்குப் பணம் கட்டினாயா என்று கேட்டவர், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காத ஆண்டுகளும் உண்டு.

அங்கே வீடு கிடைத்தாலும் நிலம் 99 ஆண்டுக் குத்தகைதான். வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைக்கோ தவிர வேறு யாருக்கும் நம் விருப்பப்படி கைமாற்ற முடியாது. என் பெயரில் வாங்கும் வீடு உங்களுக்கு ஒருநாளும் உரிமையாகாது. இதை நான் எத்தனை முறை சொன்னேன்! இன்னொன்றும் உண்டு. அந்த நிலத்தைத் தாங்கள் ஒப்படைக்கவே இல்லை என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிஸ்ஸிஸாகா மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள், 2010-இல்தான் 14.5 கோடி டொலருக்கு மத்திய அரசோடு அந்த வழக்குத் தீர்ந்தது. காணி உறுதியைச் சேலைக்குள் வைத்துக் கடல் கடந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மண்ணும் நிலைத்ததல்ல. 1858 ஏப்ரல் 13-ஆம் நாள் புயல் உடைக்கும்வரை அது தீவே அல்ல, கரையோடு ஒட்டியிருந்த மணல் நாக்கு. அந்த மணல் நீங்கள் குடியிருக்கும் ஸ்காபரோவின் மண்மேடுகளை ஏரி அரித்து மேற்கே சுமந்து சென்றது. இப்போது கரையைக் கல்லால் அணைத்துவிட்டோம். இடையில், இடிபாடுகளைக் கொட்டி அமைத்த லெஸ்லி தெரு முனையும் ஏரிக்குள் நீண்டுவிட்டது. புதுமணல் போய்ச் சேராததால் தீவின் ஜிப்ரோல்ட்டர் முனை தேய்ந்துகொண்டிருக்கிறது. 2017 வெள்ளத்தில் யூலை இறுதிவரை பூங்காவை மூடி வைத்திருந்தார்கள். மாலை நடையில் நீங்கள் மேட்டு விளிம்பில் நின்று பார்க்கும்போதெல்லாம் அந்தத் தீவின் தாய்மண்ணில்தான் நிற்கிறீர்கள். இதைச் சொல்லி உங்களைத் தேற்ற நினைத்திருந்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் ஆறுதலாக இல்லை.

கடைசியாக, தேநீர் விடயம். சன்னலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் உங்களைப் பார்த்து ஏதோ கேட்டார் அல்லவா? தேநீர் குடிப்பீர்களா என்று கேட்கிறார் என்றேன். நீங்கள் சிரித்துத் தலையசைத்து "ஓம்" என்றீர்கள். உடனே அவர் உங்கள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. திரும்பும் படகில், "ஒரு தேத்தண்ணிக்கு ஓம் எண்டதுக்கே இப்படிக் கையைப் பிடிக்கிற சனம், இங்கைதான் நாங்கள் இருக்க வேணும்" என்றீர்கள்.

அவர் கேட்டது, "உங்கள் வீட்டையும் இப்படித்தான் கழற்றிக்கொண்டு போனார்களா?" என்று.

உங்கள்,
தம்பி