இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஆகஸ்ட் 17

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. எங்கள் மன்றத்தின் டிராக் பந்தயம் (நேர்ப்பாதையில் இரண்டிரண்டு வண்டிகளாகக் கால் மைல் ஓடுவது) முடியட்டும், அதன்பின் உன் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அறுபதைத் தாண்டியவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்கிறானே, அதைப் பார்க்கக் கூட்டமாவது வருகிறதா என்று கிண்டலாகக் கேட்டிருந்தாய்.

வரவில்லை. பந்தயம் முடிந்த மாலை, வாயிலில் பணம் வாங்கிய பையன் நுழைவுச்சீட்டுக் கட்டுகளை என்னிடம் ஒப்படைத்தான். பாதிக்கு மேல் கிழிபடாமல் இருந்தன. இரண்டு கட்டுகளில் ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. இதற்கு ஒரு காரணம் எங்கள் மடத்தனம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே மழையில்லாத குளிர்காலம். பந்தயம் வைக்க அதைவிட நல்ல பருவம் கிடையாது என்று நாள் குறித்தோம். அந்த ஞாயிறு ஆடி ஞாயிறு என்பது செயற்குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கே நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் எந்த மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொண்டாலும் அன்று கூழ் ஊற்றல். நம்மை நம்பி வரவேண்டிய குடும்பங்கள் அம்மன் வாசலில் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

ஆயினும் வராதவர்களை நினைத்து எனக்குத் தூக்கம் கெடவில்லை. வந்துவிட்டுப் பாதியில் எழுந்து போனவர்கள்தாம் மனத்தை உறுத்துகிறார்கள். நண்பகல் வாக்கில் ஒரு பழைய சிட்டி கோல்ஃப் கார் முந்நூறு மீட்டரைத் தாண்டும்போது அதன் கனெக்டிங் ராட் ஒன்று முறிந்து, இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. (இந்த வண்டி இந்நாட்டின் செல்லப்பிள்ளை. 1984 முதல் 2009 வரை இங்கேயே யூட்டன்ஹேக் ஆலையில் தயாரானது. எடை மிகக் குறைவு என்பதால் நம் பையன்கள் அதற்குள் எந்த இன்ஜினையும் திணித்துவிடுவார்கள்.) அது சிந்திய எண்ணெய் முடிவுக்கோடு வரை ஒரே கோடாக இழுபட்டுக் கிடந்தது. உறிஞ்சும் பொடியைத் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, சக்கரம் பற்றுவதற்காகத் தெளிக்கும் பிசின் போன்ற திரவத்தை மறுபடி தெளித்து முடிக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் எங்கள் அறிவிப்பாளர் "இன்னும் சற்று நேரத்தில்" என்ற ஒரே வாக்கியத்தை நான்கு முறை சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்.

வேலியோரத்தில் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, மடக்கு நாற்காலியில் கறுப்புக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். காலடியில் பிரியாணிப் பாத்திரம். அதைச் சுற்றி இரண்டு பேரப்பிள்ளைகள். நான் ஆரஞ்சு நிற மேல்சட்டை அணிந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, "முடிஞ்சு போச்சா, தம்பி?" என்று கேட்டார். இங்கே பிறந்து வளர்ந்த அந்தத் தலைமுறையின் தமிழைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது. எனக்கோ அவருக்குச் சொல்லப் பதிலில்லை. பத்து நிமிடம் கழித்து நாற்காலிகள் மடங்கிப் பாக்கியின் பின்புறம் ஏறின. (பாக்கி என்றால் நம் ஊரில் கடன், இங்கே அது சிறிய சரக்கு வண்டி.) அவர் போன பிறகுதான் தெரிந்தது, தம் தங்கை பேரன் ஓட்டுவதைப் பார்க்க வந்திருக்கிறார். பாதை திறந்தவுடன் ஓடிய இரண்டாவது ஜோடியில் அந்தப் பையன் இருந்தான்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கால் மைல், அதாவது 402 மீட்டர். எங்களிடம் வரும் வண்டிகள் சராசரியாக 13 வினாடியில் அதைக் கடந்துவிடும். அன்று 100 ஜோடிகள் ஓடின என்று வைத்துக்கொண்டாலும் பார்வையாளன் கண்ணெதிரே வண்டி ஓடிய மொத்த நேரம் 22 நிமிடத்தைத் தாண்டவில்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அவனை உட்காரவைத்திருக்கிறோம். மற்ற ஏழரை மணி நேரத்துக்கும் அவனுக்கு நாங்கள் கொடுத்தது வெயில் ஒன்றுதான். அந்த ஏழரை மணி நேரத்தைப் பற்றி யோசிக்காமல் விளம்பரத்துக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது.

எண்பதுகளில் நாம் பிப்ரவரி மாதம் சோழவரம் போவோமே, அதை நினைத்துப் பார். அதுவும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம்தான். நிழல் என்று பெயருக்கு ஒரு மரம் கிடையாது. இருந்தும் பாரிமுனையில் பஸ் பிடித்து, உன் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சுமந்துகொண்டு போய், இருட்டும் வரை நின்றோம். வட்டப் பந்தயத்தில் போன வண்டி சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும் என்பது ஒரு காரணம். வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் நாம் இடித்துக்கொண்டு நிற்க முடிந்தது என்பது இன்னொன்று. ஒரு மெக்கானிக் உன்னிடம் ஸ்பேனரைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னதை ஒரு மாதம் கல்லூரி முழுக்கச் சொல்லித் திரிந்தாய். எந்த வண்டி வென்றது என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த ஸ்பேனர் மறக்கவில்லை.

அமெரிக்காவில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். 1951இல் தொடங்கிய அவர்களது தேசிய ஹாட் ராட் சங்கத்தின் டிராக் பந்தயங்களில், சீட்டு வாங்கிய எவரும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் பகுதிக்குள் தாராளமாகப் போகலாம். நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளைக் குடிக்கும் அந்த அசுர வண்டிகள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜினை முற்றிலும் பிரித்துப் பூட்டியாக வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அந்த வேலை முடிகிறது. சனங்கள் கண்ணெரிச்சலோடு கயிற்றுக்கு இப்பால் நின்று அதைப் பார்க்கிறார்கள். ஓட்டம் இல்லாத நேரமே அங்கே ஒரு காட்சி. நாங்களோ பிட் பகுதிக்குக் கயிறு கட்டி, "அந்நியர் நுழையக்கூடாது" என்று எழுதி, அதற்கு ஒரு காவலாளியையும் நிறுத்தியிருந்தோம்.

அவ்வளவு தூரம் போவானேன், இந்த ஊரிலேயே 1897 முதல் டர்பன் ஜூலை என்ற குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஜூலை முதல் சனிக்கிழமை, கிரேவில் மைதானம், 2,200 மீட்டர். முக்கிய ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். என் மனைவியின் தோழிகள் ஏப்ரலிலேயே தையற்காரியிடம் துணி கொடுத்துவிடுவார்கள். எந்தக் குதிரை ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது உடுத்திப் போய், பார்த்து, பார்க்கப்பட்டு, உண்டு வரும் ஒரு முழு நாள். குதிரை அந்த நாளுக்கு ஒரு சாக்கு.

செயற்குழுவில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு வழக்கம்போல வெளிநாட்டு ஜெட் வண்டி ஒன்றைக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர், நுழைவை இலவசமாக்கலாம் என்றார் இன்னொருவர். ஜெட் வண்டி ஒரு முறை நெருப்புக் கக்கிவிட்டுப் போய்விடும். அதற்கு ஆகும் கடனை நாங்கள் மூன்று ஆண்டு அடைக்கவேண்டும். இலவசம் என்பதை நான் பிடிவாதமாக எதிர்த்தேன். காசு கொடுத்து வந்தவன் ஒரு மணி நேரம் பொறுப்பான், சும்மா வந்தவன் பத்து நிமிடத்தில் போய்விடுவான். இதில் என்னோடு ஒத்துப்போனவர் பொருளாளர் ஒருவர்தான். அவருடைய காரணம் வேறு.

நான் சொன்ன வழி பகட்டில்லாதது. ஓட்டுபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவோம், பார்ப்பவர்கள் தாமாகக் கூடுவார்கள். கிளேர்வுட் சிவசுப்பிரமணியர் கோயிலில் தைப்பூசக் காவடிக்கு யாரும் சுவரொட்டி ஒட்டிக் கூட்டம் சேர்ப்பதில்லை. ஒருவன் காவடி எடுத்தால் அவன் தாய் பால்குடத்தோடு வருவாள், மாமன் வருவான், பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வருவார். அதேபோல இரவில் தெருவில் ரோபோவுக்கு ரோபோ வண்டி விடும் பையன் ஒருவனை எங்கள் பாதைக்கு அழைத்து வந்தால் அவன் பின்னால் ஒரு தெருவே வரும். (இங்கே போக்குவரத்து விளக்கை ரோபோ என்பார்கள், முதல் மாதம் யாரோ என்னை "ரோபோவில் இடப்பக்கம் திரும்பு" என்றபோது நான் இயந்திர மனிதனைத் தேடினேன்.) கேப்டவுனில் கில்லார்னி பந்தயத்தளத்தில் 'ரோபோவுக்கு ரோபோ' என்ற பெயரிலேயே தெருவண்டிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். தலைக்கவசம், இருக்கைப் பட்டை, எண்ணெய் ஒழுகாத இன்ஜின் ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, அப்பாவின் கொரோல்லாவில் வந்தவனையும் கோட்டில் நிறுத்தலாம் என்பது என் கட்சி. 17 வினாடியில் ஊர்ந்துபோகும் அந்த வண்டிக்கு விழும் கைத்தட்டல் 10 வினாடி வண்டிக்குக்கூட விழாது.

அடுத்தது அறிவிப்பாளர். எங்கள் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தாம் எத்தனை வினாடியில் ஓடுவோம் என்று கண்ணாடியில் எழுதிக்கொள்வார்கள். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாச அளவு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. இதனால் முந்திப் போனவன் தோற்பதும் பிந்தி வந்தவன் வெல்வதும் வழக்கம். இதை யாரும் விளக்காததால், முதலில் போனவனுக்குக் கைதட்டியவர்கள் பலகையில் மற்றவன் பெயரைக் கண்டதும் ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் விளக்குகள் மூன்றும் எரிந்து பச்சை விழுவதற்குள் ஓட்டுநர் என்ன செய்கிறார், அவர் யார், டோங்காட்டில் எந்த ரொட்டிக்கடைக்காரர் மகன், சென்றமுறை யாரிடம் தோற்றார் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். திருமண வீடுகளில் ஒலிபெருக்கியை விட்டுக்கொடுக்காதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தத் தகுதி போதும்.

பகையும் கொஞ்சம் வேண்டும், நல்ல பகை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இன்ஜின் தன் வலுவில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் (பழைய டிரான்ஸ்வால் பகுதியினர் என்பதால் 'வாலிகள்' என்று நாங்கள் கேலி செய்பவர்கள்) இங்கே இறங்கி வந்தால் அவர்கள் நேரம் தானாகக் குறைகிறது. உடனே எங்கள் பையன்கள் அது உங்கள் திறமையில்லை, எங்கள் கடற்காற்று என்பார்கள். இந்தச் சண்டையை ஒவ்வொரு டீக்கடையிலும் கேட்கிறேன். ஆனால் கரையோரத்தார் ஒரு பக்கம், மேட்டு நிலத்தார் ஒரு பக்கம் என்று அணி பிரித்துப் பலகையில் மதிப்பெண் எழுத எங்களுக்கு இதுவரை தோன்றவில்லை.

கூட்டம் பெருகினால் வரும் பொறுப்பையும் மறக்கவில்லை. 2001இல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் கால்பந்து மைதான நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். 2010இல் விளையாட்டு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்தது. 2,000 பேர் கொள்ளும் இடமென்றால் அதன் விதிகள் நம்மைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரம்பைத் தொடும் கவலை எங்களுக்கு இப்போதைக்கு இல்லை என்றாலும், ஓட்டப்பாதைக்கும் வேலிக்கும் நடுவே கான்கிரீட் தடுப்பு வைக்காமல் ஒரு சீட்டுக்கூட அதிகமாக விற்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

அடுத்த பந்தயம் செப்டம்பர் 24. பாரம்பரிய நாள் விடுமுறை. நாடே பிராய் அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் நாள். இந்தமுறை பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டேன், புரட்டாசி. நம்மவர்கள் கவிச்சி தொடமாட்டார்கள். ஆகவே ஆட்டிறைச்சி பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பியது) விற்பவரிடம் பேசி, பாதிக்குப் பாதி பீன்ஸ் கறி நிரப்பிய ரொட்டியாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பிட் பகுதிக் கயிற்றை நானே அவிழ்த்தேன். எந்த வகுப்பு எத்தனை மணிக்கு ஓடும் என்று பலகை எழுதி நான்கு இடங்களில் வைக்கப்போகிறோம். பாதை கழுவும் நேரத்தில் கோல்ஃப் இன்ஜின் ஒன்றை இரண்டு பையன்கள் எல்லோர் முன்னிலையிலும் போட்டிபோட்டுப் பிரித்துப் பூட்டுவார்கள்.

போன சனிக்கிழமை அந்த மூதாட்டியின் வீட்டைத் தேடிப் போனேன். தங்கை பேரன் பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவே ஓடுவான், பந்தலுக்கடியில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, பொம்பளைங்களுக்கு கக்கூஸ் வெச்சிருக்கீங்களா?" என்றார். சென்றமுறை அறுபது ஏக்கர் வெளியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள்தாம் வைத்திருந்தோம். ஜெட் வண்டி கேட்டவரிடம் இதைச் சொன்னேன். வாடகைக்கு எட்டுப் பெட்டிகளுக்குச் சொல்லியாயிற்று, ஐந்து பெண்களுக்கு.

உன்னிடம் சோழவரத்தில் எடுத்த படம் ஒன்று இருந்ததே, நீ ஸ்பேனரோடு நிற்பது. இருந்தால் அனுப்பு.

உன்,
மணிவண்ணன்